இரண்டாவது வயர்

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், தீவில் உள்ள ஒரு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அங்குள்ள கணினிகளையும் அவற்றை இணைக்கும் வயர்களையும் பார்ப்பது என் வேலை. மற்ற நாட்களில் வேறு ஆஸ்பத்திரிகள். வீடும் அதே தீவில், வேலணையில் என்பதால் ஸ்கூட்டரில் போய்விடுவேன். மழை நாட்களில் மட்டும் பஸ்.

அந்த ஆஸ்பத்திரி இரண்டு கட்டடங்களாக இருந்தது. றோட்டுப் பக்கம் இருந்ததில் கிளினிக், மருந்து கொடுக்கும் இடம், அலுவலகம். பின்னால் கடலைப் பார்த்தபடி வார்டும் ஆய்வுகூடமும். நடுவே எழுபது மீற்றர் மணல் முற்றம், அதன் ஓரமாகக் கூரை போட்ட ஒரு நடைபாதை. கட்டடத்துக்கு ஒன்றாக இரண்டு சுவிச்சுகள் இருந்தன. சுவிச் என்றால் லைற் போடுகிற சுவிச் அல்ல. அந்தக் கட்டடத்துக் கணினிகளின் வயர்கள் எல்லாம் வந்து கூடுகிற, வரிசையாக ஓட்டைகள் வைத்த தட்டையான பெட்டி. இந்த இரண்டு பெட்டிகளையும் இணைத்தது மண்ணுக்குள் குழாய் வழியே போன ஒரே ஒரு வயர்தான்.

ஐப்பசி மழைக்கு ஆய்வுகூட வாசலில் தண்ணீர் நின்றது. வாய்க்கால் வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியால் அந்த வயரையும் வெட்டிவிட்டார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் வீட்டுக்கு வந்த பிறகு. செவ்வாய் காலை போனபோது ஆய்வுகூடத்து அண்ணை முற்றத்தைக் கடந்து நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார். கையில் இரத்தப் பரிசோதனை முடிவுகள் எழுதிய கடதாசிகள்.

அவர் அங்கே சிற்றூழியர். ஐம்பது தாண்டியவர். ஊர்காவற்றுறையில் கடற்தொழில் செய்யும் குடும்பம். அவருடைய தம்பிமார் இன்றைக்கும் கடலுக்குப் போகிறார்கள். வள்ளத்தில் வழுக்கி விழுந்து வலது முழங்கால் பழுதான பிறகுதான் இவர் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்தார். வயர் அறுந்திருந்த நாட்களில் பின்னாலிருந்து முன்னால் போகவேண்டிய ஒவ்வொரு முடிவையும் அந்தக் காலோடு அவரே சுமந்திருக்கிறார்.

“எத்தினை தரம் நடந்தனீங்கள் அண்ணை?” என்று கேட்டேன்.

“எண்ணேல்லைத் தங்கச்சி. எண்ணினால் இன்னும் கூட நோகும்.”

அன்றைக்கே வயரை ஒட்டிக் கொடுத்தேன். தூறலில் எனக்குக் குடை பிடித்தபடி அவர் நின்றார். அப்போதுதான் இரண்டாவதாக ஒரு வயர் இழுக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஒன்று போனாலும் மற்றது வேலை செய்ய வேண்டும். பொறுப்பு வைத்தியரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற ஒரு பெண். வேலை நெருக்கும்போது குரல் உயரும், மற்றபடி நல்லவர். மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்தார். ஒரு மாதத்தில் வயர்ச்சுருள் வந்து சேர்ந்தது.

அதை அவிழ்க்கத் தொடங்கியதும் அண்ணை வந்து பார்த்தார்.

“இதையும் அந்தக் குழாயுக்குள்ளைதான் விடப்போறீரோ?”

“ஓம் அண்ணை. குழாய் கிடக்குத்தானே. திருப்பிக் கிண்டத் தேவையில்லை.”

“அப்ப மண்வெட்டி வந்தால் ரெண்டும் சேர்ந்தெல்லோ போகும்?”

நான் இந்த வேலைக்கென்றே படித்தவள். சான்றிதழ் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. இரண்டாவது வயரை நடைபாதைக் கூரையின் கீழாகக் கொண்டுபோவது என்று மாற்றிக்கொண்டோம். நான் ஏணியில் நிற்க, அவர் கீழே நின்று வயரை முறுக்கில்லாமல் விட்டுத் தந்தார். வயரைக் கட்ட நான் கொண்டுபோன பிளாஸ்டிக் பட்டிகளை வாங்கிப் பார்த்துவிட்டு, “உது உப்புக் காத்துக்கும் வெயிலுக்கும் ஒரு வரியம் நிக்காது” என்றார். அடுத்த நாள் வீட்டிலிருந்து வலை பொத்துகிற நைலோன் நூல் கொண்டுவந்தாராம். வெள்ளிக்கிழமை நான் போனபோது கூரையைத் தாங்கும் கட்டை ஒவ்வொன்றிலும் முடிச்சுப் போட்டு முடித்திருந்தார்.

இனி இரண்டு முனைகளையும் சுவிச்சுகளில் குத்துவது மட்டும்தான் மிச்சம். வைத்தியர் முன்னமே சொல்லியிருந்தார்: “கிளினிக் நாளிலை ஒண்டையும் தொடாதையும். ஞாயிற்றுக்கிழமை வந்து செய்யும்.” நானும் ஓம் என்றிருந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பிள்ளைகளைப் பக்கத்தில் உள்ள சாட்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். குத்துவதற்கு ஒரு நிமிடம் போதுமே என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை, கிளினிக் நடந்துகொண்டிருந்த நேரம், அண்ணையைப் பின் கட்டடத்துச் சுவிச் இருக்கும் கதவு வைத்த பெட்டிக்கு அனுப்பிவிட்டு முன் அலுவலகத்திலிருந்து போனில் கதைத்தேன்.

“எந்த ஓட்டை தங்கச்சி?”

“மேல் வரிசையிலை கடைசிக்கு முதல் ஓட்டை அண்ணை.”

“குத்திட்டன்.”

நானும் என் பக்கத்து முனையைக் குத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

அரை நிமிடம் ஆகியிருக்காது. சுவிச்சில் உள்ள விளக்குகள் எப்போதும் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு மினுங்கும். இப்போது எல்லாம் ஒன்றாக, ஒரே வேகத்தில், விடாமல் அடிக்கத் தொடங்கின. பக்கத்து மேசையில் இருந்த கிளாக்கர், வேலைக்கு வந்து ஒரு வருடமும் ஆகாத பையன், “அக்கா, ஸ்கிரீன் நிண்டிட்டுது” என்றான். மருந்து கொடுக்கும் இடத்திலிருந்தும் அதே குரல் வந்தது. கிளினிக் அறையிலிருந்தும் வந்தது. ஒரு முடிவும் பின்னாலிருந்து வரவில்லை. ஒரு நோயாளியின் பெயரைக்கூடத் திறக்க முடியவில்லை.

எனக்கு விளங்கவில்லை. மின்சாரம் என்று நினைத்துச் சுவிச்சை அணைத்துப் போட்டேன். ஒரு நிமிடம் சரியாக இருந்துவிட்டு மறுபடி அதே கூத்து. மேசைக்குக் கீழே தவழ்ந்துபோய் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். வெளியே வாங்குகள் நிறைந்து, சனம் நிற்கத் தொடங்கியிருந்தது. நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு தாய், காய்ச்சலில் துவண்ட சின்ன மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, “மத்தியான பஸ்ஸை விட்டால் எங்களுக்குப் போட் இல்லை மிஸ்” என்று திரும்பத் திரும்பச் சொன்னது கேட்டது. பிள்ளையின் இரத்த முடிவு பின் கட்டடத்தில் கிடந்தது.

வைத்தியர் எழும்பி வந்தார். “ஆர் என்னத்தைத் தொட்டது?”

நான் மேசைக்குக் கீழே இருந்தேன். கிளாக்கர்தான் சொன்னான். “நான் லாப் பக்கம் போனனான் டொக்டர். அண்ணை பின் பெட்டியைத் திறந்து வயர் குத்திக்கொண்டு நிண்டவர்.” அவனில் குற்றமில்லை. கண்டதைச் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து அண்ணை உள்ளே வந்தார். பிள்ளையின் முடிவை ஆய்வுகூடத்தில் கையால் எழுதுவித்து, மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணை, ஆர் உங்களை உதிலை கை வைக்கச் சொன்னது?” வைத்தியரின் குரல் வரிசை முழுவதும் கேட்டது. “தெரியாத வேலையிலை ஏன் கை வைக்கிறியள்? உதிலை எத்தினை சனம் நிக்குது எண்டு பாருங்கோ!”

அவர் என் பெயரைச் சொல்லவில்லை. நான் இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. எனக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன, செருப்பில் ஈர மணல். “பிழை விட்டிட்டன் டொக்டர்” என்றார். பிறகு சட்டைக்குள்ளிருந்து கடதாசியை எடுக்கும் சரசரப்புக் கேட்டது.

நான் அப்போதே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் இதைச் சரியாக்குவோம், பிறகு சொல்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகும் ஒரு மணித்தியாலம் சென்றது. எதைச் செய்தும் சரிவராமல், கடைசியாகப் புது வயரை உருவினேன். விளக்குகள் உடனே அமைதியாகின. திரைகள் திறந்தன. “வந்திட்டுது!” என்றான் கிளாக்கர். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணை ஏதோ பிழையாகக் குத்தியதை நான் திருத்திவிட்டேன் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மருந்து கொடுக்கிற மிஸ் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். அதையும் வாங்கிக் குடித்தேன்.

நெடுந்தீவுத் தாய் பஸ்ஸைப் பிடித்துவிட்டார். பிள்ளைக்குப் பயப்பட ஒன்றுமில்லை என்று கடதாசியைப் பார்த்து வைத்தியர் சொல்லி, மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார். அந்தக் கடதாசி வந்திராவிட்டால் அந்தத் தாய் அன்றிரவு ஆஸ்பத்திரி வாங்கில்தான் படுத்திருப்பார்.

அன்று பின்னேரம் வீட்டில் இருந்து விளக்கங்களை எடுத்து வாசித்தேன். கணினிகள் அடிக்கடி “இன்னார் எங்கே இருக்கிறீர்?” என்று எல்லோரையும் பார்த்துக் கேட்கும். சுவிச் அந்தக் கேள்வியைத் தன் எல்லா வயர்களிலும் அனுப்பும். இரண்டு சுவிச்சுகளுக்கு நடுவே ஒரு வயர் இருந்தால் கேள்வி போய்ச் சேர்வதோடு முடிந்துவிடும். இரண்டு வயர் இருந்தால் ஒன்றால் போய் மற்றதால் திரும்பி வந்து, மறுபடி போய், முடிவில்லாமல் சுற்றும். ஒரு நிமிடத்துக்குள் வேறெதற்கும் இடமில்லாமல் போய்விடும். அதனால்தான் இரண்டு வயர் போடும்போது ஒன்றை மூடி வைத்திருந்து, மற்றது அறுந்தால் மட்டும் தானாகத் திறக்கிற ஒரு ஏற்பாடு சுவிச்சுக்குள்ளேயே உண்டு. இது எனக்குப் புதிதல்ல, பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்த ஏற்பாடு இயல்பாகவே போட்டிருக்கும் என்று எண்ணிவிட்டேன். எனக்கு முன்பு யாரோ இரண்டு சுவிச்சிலும் அதை அணைத்து வைத்திருந்தார்கள். குத்துவதற்கு முன் பார்ப்பது என் வேலை. நான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாட்டியில் பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரமாட்டோம் என்று நின்றார்கள். அக்கா கடலை வாங்கிக் கையில் தந்தா. கடலையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். “உனக்கு என்னடி, சுகமில்லையோ?” என்று கேட்டா. தலையிடி என்றேன்.

செவ்வாய்க்கிழமை போனபோது பின் பெட்டியில் ஆமைப்பூட்டு தொங்கியது. “இனி ஆரும் கை வைக்க ஏலாது அக்கா. திறப்பு என்னட்டை” என்றான் கிளாக்கர், எனக்கு உதவி செய்துவிட்ட சந்தோசத்தோடு. ஆய்வுகூடத்தில் வேறொரு ஆள் நின்றார். அண்ணையை உடுப்புத் தோய்க்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

வார்டுக்குப் பின்னால் கொடியில் படுக்கை விரிப்புகளைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறக்க முன் அவரே தொடங்கினார்.

“தங்கச்சி, அண்டைக்கு உமக்குப் பெரிய கரைச்சல் தந்திட்டன். ஓட்டை மாறிக் குத்திப்போட்டன் போல. கண்ணாடி போடாமல் நிண்டது என்ரை பிழை. மன்னிச்சுக்கொள்ளும்.”

நான்கு நாளாக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். இது அதில் இல்லை. இவர் என்னைக் காப்பாற்றுவதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றல்லவா நினைத்திருந்தேன். மனுசன் உண்மையாகவே தான்தான் கெடுத்தது என்று நம்பியிருக்கிறார்.

“இல்லை அண்ணை” என்றேன். “நீங்கள் சரியான ஓட்டையிலைதான் குத்தினனீங்கள். பிழை என்ரை. குத்த முதல் சுவிச்சுக்குள்ளை ஒண்டைப் பாத்துப் போட்டிருக்கவேணும். நான் போடேல்லை. டொக்டர் ஞாயிற்றுக்கிழமை செய் எண்டதையும் கேக்கேல்லை.”

அவர் விரிப்பின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“சரியான ஓட்டையோ?”

“ஓம் அண்ணை.”

“மேல் வரிசை, கடைசிக்கு முதல்?”

“ஓம்.”

“நாலு நாளா அந்த ஓட்டைதான் கண்ணுக்கை நிண்டது” என்றார். பிறகு, கோபமில்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்பதுபோல் கேட்டார்: “அப்ப ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?”

“பயந்திட்டன்.”

“ம்… அவ ஏசேக்கை எனக்கும் பயம்தான்.”

நான் வைத்தியரிடம் போய்ச் சொல்லப்போவதாகச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். “விடும். இஞ்சை நடக்கிற வேலை குறைவு, முழங்காலுக்குச் சுகம்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “என்ரை மனுசிக்கு மட்டும் ஒருக்கால் சொல்லிவிடுறீரோ? நான் கவுண்மேந்துக் கொம்பியூட்டரை உடைச்சிட்டன் எண்டு அவ வெள்ளிக்கிழமை துவக்கம் நித்திரையில்லை” என்றார்.

அவருடைய போனிலேயே எடுத்துத் தந்தார். அந்த அக்காவை நான் கண்டதில்லை. யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். “நான் அப்பவும் சொன்னனான் பிள்ளை, அந்தாள் வலையிலை ஒரு கண்கூட மாறி முடிச்சுப் போடாது எண்டு” என்றா. அதோடு போனை வைத்துவிட்டா. அவ என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வைத்தியர் அறையில் நோயாளிகள் முடியும்வரை காத்திருந்தேன். சொல்லி முடித்ததும் அவர் பேனையை மூடி மேசையில் வைத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை எண்டெல்லோ சொன்னனான்.”

“ஓம் டொக்டர்.”

“பிழை ஆருக்கும் வரும். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாமே.”

தான் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். எழுதத்தான் வேண்டும் என்றேன். எழுதினார், எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் கொடுத்தேன். அது பிறகு. அன்றைக்கு அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, “வாரும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அலுவலகத்தைக் கடக்கும்போது கிளாக்கரையும் கூப்பிட்டார்.

கொடியடியில் அண்ணை எங்களைக் கண்டதும் ஈரக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அண்ணை, விசாரிக்காமல் உங்களைச் சனத்துக்கு முன்னாலை ஏசிப்போட்டன். நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“ஐயோ டொக்டர், நீங்கள் என்னத்துக்கு…” என்றார். கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டு, “நானும்தான் அண்ணை” என்றான்.

எங்கே வேலை செய்ய விருப்பம் என்று வைத்தியர் கேட்டார். முழங்காலுக்கு இது சுகம் என்று என்னிடம் சொன்ன மனுசன், “லாப்புக்கே விட்டிடுங்கோ” என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையை ஒழுங்காகச் செய்தேன். முதலில் இரண்டு சுவிச்சிலும் அந்த ஏற்பாட்டைப் போட்டு, இரண்டு தரம் சரிபார்த்து, அதன் பிறகுதான் இரண்டாவது வயரைக் குத்தினேன். கிளாக்கர் முன் அலுவலகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆமைப்பூட்டைக் கழற்றிவிட்டிருந்த பின் பெட்டியடியில் அண்ணையும் நானும். பழைய வயரின் விளக்கு பச்சையாகவும் புதியதின் விளக்கு செம்மஞ்சளாகவும் நின்றன.

“இது ஏன் மஞ்சளா நிக்குது, பழுதோ?”

“இல்லை அண்ணை. மற்றது போனால்தான் இது திறக்கும். அதுவரைக்கும் மூடிக்கொண்டு நிக்கும்.”

“அப்ப சும்மா நிக்கிறதுதான் இதின்ரை வேலை” என்றார்.

பழைய வயரை உருவிப் பாருங்கோ என்று அவரிடம் சொன்னேன். கை பெட்டிவரை போய்த் திரும்பி வந்தது. “நீர் உருவும்” என்றார். நான் வற்புறுத்தவில்லை, நானே உருவினேன். செம்மஞ்சள் பச்சையாக மாறியது. போனில் கிளாக்கர் கத்தினான்: “ஒண்டும் நிக்கேல்லை அக்கா! ஒரு கணம் தடக்கிப்போட்டு ஓடுது!” நான் பழையதைத் திருப்பிக் குத்தும்வரை அண்ணை குனிந்து அந்தச் சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, நான் வேறொரு ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அவருடைய அழைப்பு வந்தது.

“தங்கச்சி, புது வயரின்ரை லைற் பச்சையா நிக்குது. பழையது எரியுதே இல்லை.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “நான் ஒண்டிலும் கை வைக்கேல்லை.”

மன்னிப்புக் கேட்டாகிவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“தெரியும் அண்ணை” என்றேன். “நீங்கள் சொல்லியிராட்டி எனக்குத் தெரியவே வந்திராது.”

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். பழைய வயரின் நுனியில் உள்ள தலைப்பு உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்துப் போயிருந்தது. எப்போது போனது என்று சுவிச்சில் பார்த்தால், திங்கட்கிழமை காலை; செவ்வாய் வந்துபோன நானே கவனிக்கவில்லை. வைத்தியர் அவ்வழியே வந்தவர் நின்று கேட்டார்.

“நாலு நாளா உந்த வயர் வேலை செய்யேல்லையோ? எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையே!”

“அண்ணைக்குத் தெரிஞ்சிருக்கு டொக்டர்.”

தலைப்பை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய தலைப்புப் போட்டேன். வயர் வெட்டும் குறட்டை என் பைக்குள் வைக்கத் திரும்பியபோது அண்ணை வயரை என் மடியிலிருந்து எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எந்த ஓட்டை என்று என்னைக் கேட்காமல், குனிந்து குத்தினார். இரண்டு விளக்குகளும் தத்தம் நிறத்துக்கு வரும்வரை நின்று பார்த்தார். வார்டிலிருந்து நேர்ஸ் மிஸ் கூப்பிட்டா, இரத்தம் எடுத்து வைத்திருக்கிறது என்று. கண்ணாடியைக் கழற்றாமலே போனார்.